தலையிடா மாஸ்டரின் வெள்ளை வேட்டி

திருப்பூரில் நான் பார்த்த மனிதர்களிலேயே பொய் பேசாதவர் எங்கள் கட்டிங் மாஸ்டர்தான். அதே சமயம், தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டதில் ஒரு வாக்கியம்கூட உண்மை கிடையாது. இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருக்கும் என்று கேட்பீர்கள். வீரபாண்டியில் இருந்த அந்த பனியன் கம்பெனியில் ஒரு பகல் முழுக்க அவர் பக்கத்தில் நின்றிருந்தால் கேட்கமாட்டீர்கள்.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கம்பெனி முழுக்க அவர் 'தலையிடா மாஸ்டர்'. வாயைத் திறந்தால் முதலில் வருவது, "நான் அடுத்தவங்க விஷயத்துல தலையிட மாட்டனுங்க" என்பதுதான். சொல்லிவிட்டு ஒரு மூச்சு இழுத்து விடுவார். அப்புறம் தலையிடுவார்.

தைத்து முடித்ததைச் சரிபார்க்கிற செக்கிங்கில் மேரியக்கா என்று ஒருவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, இந்த ஊரிலேயே பாதி வயதைக் கழித்தவர். அவருக்கு ஒருமுறை கடைவாய்ப் பல்லில் வலி. மாஸ்டர் வந்து, "நான் தலையிட மாட்டனுங்க, உங்க பல்லு, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அரை மணியில் வாசலில் ஆட்டோ நின்றது. மேரியக்கா பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தபோது, டாக்டருக்குப் பின்னால் நின்று, "அந்தப் பல்லு இல்லீங்க, அதுக்கடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம் நம் தலையிடாதவர்.

என் கதையைக் கேளுங்கள். நான் அங்கே மெர்ச்சண்டைசர். சட்டை வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் எங்கள் கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். எனக்கு வெகுதூரம் தள்ளி அவிநாசிபாளையத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மறுவாரம் மாஸ்டர் என் மேஜைக்கு வந்தார்.

"அம்மிணி, நான் ஒண்ணும் விசாரிக்கலீங்க."

"எதைப் பத்திங்க மாஸ்டர்?"

"சும்மா டீ குடிக்கலாம்னு அவிநாசிபாளையம் வரைக்கும் போனேன். பையன் தண்ணிக் கேன் தூக்கிட்டுப் போனானுங்க. பக்கத்து ஊட்டம்மாவுக்கும் சேர்த்துத் தூக்கிட்டுப் போனான். அந்தம்மா கேக்கக்கூட இல்லை. நான் ஒண்ணும் சொல்லலீங்க. பாத்ததைச் சொன்னேன்."

வீரபாண்டியில் டீக்கடைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பையன்தான் இப்போது என் வீட்டுக்காரர். இன்றைக்கும் கேன் தூக்குகிறார்.

மாஸ்டரை மட்டும் சொல்லிப் பயனில்லை, அந்தக் கம்பெனிக் காற்றிலேயே என்னவோ இருந்தது. மேரியக்கா, "நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டேன், பட்டுனு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடுவேன்" என்பார். ஆனால் தைத்தது சரியில்லை என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்குள் அவளுக்கு இரண்டு முறுக்கு கொடுத்து, அம்மா சௌக்கியமா என்று கேட்டு, கடைசியில் தானே பிரித்துத் தைத்துவிடுவார். முதலாளியோ, "எனக்கு இரக்கமே கிடையாதுங்க, பிசினஸ்னா பிசினஸ்தான்" என்று எல்லாரையும் கூட்டிவைத்துச் சொல்வார். லீவு கேட்டுப் போனால் "முடியவே முடியாது" என்பார். அடுத்து, "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, கம்பெனி வண்டியில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொல்வார். நான் மட்டும்தான் அங்கே தன்னைப் பற்றிச் சரியாகத் தெரிந்துவைத்திருந்த ஆள். எனக்குப் பொய் சொல்ல வராது, வளவளவென்று பேசவும் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்டரின் கண்.

துணியில் நிறம் பார்ப்பதை எங்கள் தொழிலில் ஷேடு பார்ப்பது என்போம். ஒரே சிவப்புதான், ஆனால் சாயப்பட்டறையில் ஒவ்வொரு தடவை போடும்போதும் மயிரிழை வித்தியாசம் வரும். ஒரு தடவை போட்டு வருகிற துணி ஒரு லாட்டு. இந்த லாட்டுக் கையையும் அந்த லாட்டு உடம்பையும் சேர்த்துத் தைத்துவிட்டால் சட்டை வெயிலுக்குப் போனதும் குட்டு வெளிப்பட்டுவிடும், பையர் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் வெட்டுவதற்கு முன்னால் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் அது மாஸ்டர். துணியின் ஒரு முனையை வாசல்படிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரிப்பார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். "வெட்டலாமுங்க" என்றால் வெட்டலாம். "போகட்டுமுங்க" என்றால் லாட்டு திரும்பிப் போகும். பெரிய கம்பெனிகளில் இதற்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். எங்கள் முதலாளி மெஷின் பேச்சை எடுத்தால், "வாங்குங்க, நான் தலையிடலை. ஆனா என்ற கண்ணு பொய் சொல்லாதுங்க" என்பார் மாஸ்டர். அது உண்மையாகத்தான் இருந்தது, ரொம்ப வருஷம்.

இந்தக் கண்தான் அவருக்கு எல்லாமே. சம்சாரம் தவறிப்போய்விட்டார். பெங்களூரில் இருக்கும் மகள் வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "நான் வேலைக்கு அடிமை இல்லீங்க, நாளைக்கே விட்டுட்டுப் போயிருவேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் கம்பெனி வாசலில் வாட்ச்மேனோடு உட்கார்ந்து திங்கட்கிழமைக்குக் காத்திருப்பார்.

இன்னொன்று அவர் வேட்டி. வீரபாண்டியிலேயே வெளுத்த வேட்டி அவருடையதுதான். சம்சாரம் போன பிறகு தானே துவைத்து, தானே நீலம் போட்டு, கஞ்சி போட்டுக் கட்டி வருவார். அந்த வேட்டியில்தான் விஷயம் ஆரம்பித்தது. ஒரு வாரம் அது லேசாக நீலம் அடித்தது. நீலம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தோம். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் நீலம். தீபாவளிக்கு அப்புறம் நல்ல நீலம். பொங்கலுக்கு அவர் கட்டி வந்ததை வேட்டி என்று சொல்வதா, ஆஸ்பத்திரி ஜன்னல் திரை என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் கொங்கு நாட்டு மரியாதை அப்படி. வழியில் போகிறவரிடம் உங்கள் வண்டியில் தீப்பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், "ஏனுங்க, நல்லாருக்கீங்களா, ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா" என்று கேட்கிற ஊர் இது. பெரிய மனுஷரிடம் போய் வேட்டி நீலமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஏதோ புது ஃபேஷன் போலிருக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளை ஆர்டர் வந்தது. பிறந்த குழந்தைக்குப் போடுகிற சட்டை. சுத்த வெள்ளை. அதைவிட்டால் அந்த சீசனுக்குப் பெரிய ஆர்டர் வேறு கிடையாது. முதல் லாட்டு வந்தது. மாஸ்டர் வாசலில் விரித்தார், தலையைச் சாய்த்தார்.

"மஞ்சளடிக்குதுங்க. போகட்டுமுங்க."

எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனால் மாஸ்டர் சொன்ன பிறகு உற்றுப் பார்த்தேன். ஓரத்தில் லேசாக மஞ்சள் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. மேரியக்காவுக்கும் தெரிந்தது. "ஆமா, எலுமிச்சம்பழம் கணக்கா இருக்கு" என்றார். முதலாளி வந்து பார்த்து, "நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார். லாட்டு திரும்பிப் போனது. வெளுத்துக் கொண்டுவந்தார்கள். "போகட்டுமுங்க." மறுபடி வெளுத்தார்கள். "மஞ்சள் இன்னும் போகலீங்க." கம்பெனி முழுக்கச் சேர்ந்து வெள்ளைத் துணியில் மஞ்சள் பார்த்துக்கொண்டிருந்தோம். கப்பலுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் சாயப்பட்டறைக்காரரே லாட்டோடு வண்டியில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிவந்திருந்தது. சண்டை போடத்தான் வந்திருந்தார், ஆனாலும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க மாஸ்டர், நான் இந்தத் தொழில்லயே பொறந்து வளந்தவனுங்க. இதுக்கு மேல வெள்ளை எங்கயும் இல்லீங்க. நீங்களே சொல்லுங்க, எதுதானுங்க வெள்ளை?"

மாஸ்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துத் தழையவிட்டு, ஒரு முனையை அந்தத் துணிக்குப் பக்கத்தில் வைத்து, வெயிலில் காட்டினார்.

"இதா, என்ற வேட்டியைப் பாருங்க. இதுதானுங்க வெள்ளை."

வாசல் வெளிச்சத்தில் ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். அதுவரை ஃபேஷன் என்று நம்பியிருந்த அத்தனை பேருக்கும் அந்த நொடியில் புரிந்துவிட்டது. அவருக்கு வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறது. அதனால்தான் வாராவாரம் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். சம்சாரம் இருந்திருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார்.

சாயப்பட்டறைக்காரர் வேட்டியைப் பார்த்தார், மாஸ்டர் முகத்தைப் பார்த்தார். அவருடைய கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. "சரிங்க மாஸ்டர், லாட்டு இங்கயே இருக்கட்டுமுங்க" என்றார். வெளியே வந்து முதலாளியிடம் மெதுவாக, "எங்கப்பாவுக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு. கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணினா சரியாயிரும். மொதல்ல மாஸ்டரை அந்தக் கத்தி மெஷின்ல இருந்து எடுங்க" என்றார்.

அதைக் கேட்டதும்தான் எனக்குக் கத்தியின் ஞாபகமே வந்தது. துணி அடுக்கின் மேல் ஒட்டிய காகிதத்தில் கோடு போட்டிருக்கும், அதன்மேல் கத்தி போக வேண்டும். கொஞ்ச நாளாக மாஸ்டர் அந்தக் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்துத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். பழகிய கை, தப்பாது என்று அதையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

முதலாளி அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். யார் சொல்வது? கண் போய்விட்டது என்று அவரிடம் சொல்வதும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்வதும் ஒன்றுதான்.

"நான் சொல்லிப்புடுதேன். எனக்கு மூஞ்சி தாட்சண்யமே கிடையாது" என்று மேரியக்கா கிளம்பினார். போன வேகத்தில் திரும்பி வந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"என்னக்கா சொன்னீங்க?"

"வேட்டி நல்லா வெளுப்பா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"எனக்கு இரக்கமே கிடையாது, நானே சொல்றேன்" என்று முதலாளி எழுந்து போனார். போய் வந்ததும் எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டார். கட்டிங் டேபிளுக்கு மேலே வெளிச்சம் பத்தவில்லை என்று மாஸ்டர் சொன்னாராம். இரண்டு டியூப் லைட் கூடுதலாகப் போட ஏற்பாடு.

ஆக, பொய் சொல்ல வராத என்னிடம் பொறுப்பு வந்து சேர்ந்தது. நான் நோட்டீஸ் போர்டு முன்னால் எல்லாரையும் நிற்கவைத்து, பையர் ஆடிட்டில் கேட்கிறார்கள், கம்பெனியில் இருக்கிற எல்லாருக்கும் கண் டெஸ்ட் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் ஆர்டர் இல்லை என்று ஒரு போடு போட்டேன். கேள்வி கேட்டவர்களுக்கு இன்ன விதி, இன்ன பிரிவு என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். இதைப் பொய் என்று சொல்ல முடியாது, ஒரு நல்ல காரியம்.

மாஸ்டர் கேட்டுவிட்டு, "என்ற கண்ணுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?" என்றார். அவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இந்தப் புள்ளைங்களெல்லாம் ஆஸ்பத்திரின்னா பயப்படுவாங்க. நான் தலையிட மாட்டனுங்க. துணைக்கு வேணா வர்றேன்."

அப்படித்தான் அவர் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார், எங்களுக்குத் துணையாக. வேனில் முன் சீட்டில் முதலாளி, பின்னால் நாங்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் கொடுத்தார், வரிசையை ஒழுங்கு பண்ணினார், யாரோ ஒரு பாட்டிக்குச் சொட்டு மருந்து விடுகிற நர்ஸுக்கு எந்தக் கண் என்று சொல்லிக் கொடுத்தார். கடைசியாக அவர் முறை வந்தது. சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிரிண்டு மங்கியிருக்குதுங்க. வேற அட்டை மாட்டுங்க."

"அட்டை சரியாத்தான் இருக்கு ஐயா" என்றார் டாக்டர். அப்புறம் கண்ணில் லைட் அடித்துப் பார்த்து, இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, நன்றாக முற்றியிருக்கிறது, வெள்ளை எல்லாம் மஞ்சளாகத்தான் தெரியும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி வழி வந்த பிறகு கேட்டார்.

"அம்மிணி, அந்த லாட்டு வெள்ளைதானுங்களா?"

"வெள்ளைதானுங்க மாஸ்டர்."

"மொதல்ல வந்ததும்?"

"அதுவுமுங்க."

முழங்கால் மேல் இருந்த வேட்டியை விரலால் தடவினார். "இது?"

"லேசா நீலமுங்க."

"எத்தனை நாளா?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, ரொம்பச் சின்னக் குரலில், "என்னை நிறுத்திருவாங்களா அம்மிணி?" என்று கேட்டார். உடனே, "எனக்கு வேலை மேல ஆசையெல்லாம் இல்லீங்க. சும்மா கேட்டு வெச்சுக்கறேன்" என்றார்.

நான் சட்டென்று அழுகிற ஆள் கிடையாது. அந்த வேனில் எப்போதுமே பஞ்சுத் தூசி அதிகம்.

முன் சீட்டிலிருந்து முதலாளி திரும்பினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"மாஸ்டர், எனக்கு இரக்கம் கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். ஆபரேஷன் பண்ணிக்கலீன்னா நிறுத்திருவேன். பண்ணிட்டு வந்தீங்கன்னா நிறுத்த மாட்டேன். நீங்க பாத்துச் சொல்ற வரைக்கும் அந்த வெள்ளை லாட்டுல யாரும் கத்தி வெக்க மாட்டாங்க. பிசினஸ்னா பிசினஸ்தானுங்க."

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இவ்வளவு கட்டாயப்படுத்தறதால சரிங்க" என்றார்.

வெள்ளை லாட்டைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தோம். கலர் ஆர்டர்களை முன்னால் இழுத்துப் போட்டு, இளம் கட்டர் ஒருவர் வெட்டினார். பையருக்கு நான் மெயில் போட்டேன், வெள்ளை நிறம் எங்கள் நிபுணரின் கடைசிப் பார்வைக்குக் காத்திருக்கிறது என்று. அது அக்மார்க் உண்மை. அவன் முணுமுணுத்துவிட்டுக் கொஞ்சம் தவணை கொடுத்தான். மகள் பெங்களூரிலிருந்து வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். நாங்கள் ஆள் மாற்றி ஆள் சாப்பாடு கொண்டுபோனோம். அந்த வீட்டு விஷயத்தில் தலையிடாத ஆளே கம்பெனியில் இல்லை.

முதலில் ஒரு கண்ணுக்குத்தான் ஆபரேஷன் செய்திருந்தார்கள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஒரு காலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். வேட்டி பளீரென்று வெள்ளை. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தார்ப்பாயை விலக்கி, துணியின் முனையை வாசலுக்கு எடுத்துப் போனார். கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். கையை மாற்றி, அடுத்த கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். இரண்டு மூன்று தடவை அப்படியே மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"என்னங்க மாஸ்டர்?" என்றார் முதலாளி. அவர் குரலில் பிசினஸ் கொஞ்சமும் இல்லை.

"இந்தக் கண்ணுல பாத்தா பாலுங்க. அந்தக் கண்ணுல பாத்தா சந்தனமுங்க." துணியை மடித்தார். "துணி மேல குத்தமில்லை. என்ற கண்ணு ரெண்டும் வேற வேற லாட்டுங்க. வெட்டலாமுங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மேரியக்கா சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். அடுத்து மாஸ்டர் பையிலிருந்து அந்தப் பழைய நீல வேட்டியை எடுத்து எல்லாருக்கும் முன்னால் உதறிக் காட்டினார்.

"இதைக் கட்டிட்டு ஒரு கல்யாணத்துக்கு வேற போயிருக்கறனுங்க. ஏனுங்க, இத்தனை பேர் இருந்து ஒருத்தராவது சொல்லக் கூடாதுங்களா?"

"நாங்க யாரு விசயத்துலயும் தலையிட மாட்டோம் மாஸ்டர்" என்றார் மேரியக்கா.

வெள்ளை ஆர்டர் கப்பல் ஏறியது. அன்று சாயங்காலம் மாஸ்டர் சாயப்பட்டறைப் பக்கம் போவதைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கவா என்று கேட்டேன். "இல்லீங்க அம்மிணி, அந்தப் பக்கம் டீ நல்லாருக்கும்" என்றார்.

இப்போது இரண்டு கண்ணும் ஒரே லாட்டாகிவிட்டது. அங்கேயேதான் இருக்கிறார், நாளைக்கே விட்டுவிட்டுப் போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டு. நான்தான் மகன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு அவிநாசிபாளையத்தோடு நின்றுவிட்டேன்.

எனக்கு அவர் ஞாபகமெல்லாம் அவ்வளவாக வருவதில்லை. மகனுக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுக்கப் போனால், துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துத் தலையைச் சாய்த்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். "வெள்ளைதானுங்கக்கா" என்பார் கடைக்காரர். "தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.